கணக்கில் தோற்று மலையில் ஜெயித்த லான்சியா ஃபுல்வியா

1969-இன் கடைசி மாதங்களில் இத்தாலியின் டுரின் நகரத்து லான்சியா கம்பெனிக்கு இரண்டு காரியங்கள் நடந்தன. கடன் கழுத்தை நெரித்ததால் கம்பெனி ஃபியட்டின் கைக்குப் போனது. பங்கு ஒன்றுக்கு ஃபியட் கொடுத்த விலை 1 லிரா, அதாவது பெயருக்கு ஒரு விலை. அப்புறம் நவம்பரில், பிரிட்டனின் ஆர்ஏசி ராலி என்ற கார் பந்தயத்தில் லான்சியாவின் ஃபுல்வியா கூப்பே, இரண்டு கதவு வைத்த சின்னக் கார், முதலிடம் பிடித்தது. அந்த ஆண்டின் ஐரோப்பிய ராலி சாம்பியன் பட்டமும் அதே காரை ஓட்டிய ஸ்வீடன்காரர் ஹாரி கெல்ஸ்ட்ரோமுக்குத்தான் போனது.

மூழ்கிக்கொண்டிருந்த கம்பெனி எப்படி இப்படி ஒரு காரைச் செய்தது என்று பலரும் வியப்பார்கள். எனக்கென்னவோ மூழ்கியதற்கும் ஜெயித்ததற்கும் காரணம் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. லான்சியாவின் இன்ஜினியர்களுக்குச் சிக்கனமாக ஒரு காரைச் செய்யத் தெரியாது. தெரிந்தாலும் மனசு வராது. விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகாத வேலைப்பாட்டை ஒரு சின்னக் காருக்குள் திணித்தார்கள். கணக்குப் புத்தகத்தில் அது நஷ்டம். பனி மூடிய மலைப்பாதையில் அதுவே லாபம்.

இந்தக் குணம் பரம்பரையாக வந்தது. ஃபியட்டுக்கு ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்த வின்சென்சோ லான்சியா, நண்பர் கிளாடியோ ஃபோகோலினுடன் சேர்ந்து 1906-இல் கம்பெனியைத் தொடங்கினார். 1922-இல் வந்த லாம்ப்டா காரில் தனியாகச் சேஸிஸ் என்று ஒன்று கிடையாது, உடலே எலும்புக்கூடு. முன்சக்கரங்கள் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியாக மேலும் கீழும் போகும். மற்றவர்கள் பல ஆண்டுகள் கழித்துச் செய்ததை இவர்கள் அப்போதே செய்துவிட்டார்கள். 1950-இல் அவுரேலியா வந்தது. வி6 இன்ஜினோடு, அதாவது ஆறு சிலிண்டர்களை வி எழுத்துப்போல இரண்டு வரிசையாக நிறுத்திய இன்ஜினோடு, தொடர்ந்து தயாரிக்கப்பட்ட முதல் கார் அது. அதன் கூப்பே வடிவம் 1953-இல் லீஜ்-ரோம்-லீஜ் ராலியையும், 1954-இல் லூயி ஷிரோன் ஓட்ட மான்டி கார்லோ ராலியையும் ஜெயித்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வின்சென்சோவின் மகன் ஜானி லான்சியா ஃபார்முலா ஒன்னுக்கும் போனார். டி50 அருமையான கார், ஆனால் செலவு கம்பெனியைத் தின்றுவிட்டது. 1955 மே மாதம் ஆல்பர்டோ அஸ்காரி மோன்சாவில் ஒரு ஃபெராரியை ஓட்டிப் பார்க்கும்போது இறந்தார். லான்சியா அணியின் நட்சத்திர ஓட்டுநர் அவர். அதோடு ஜானி கையை உதறிவிட்டார். ரேஸ் கார்கள் ஃபெராரிக்குப் போயின. கம்பெனி சிமென்ட் முதலாளி கார்லோ பெசென்டியிடம் போனது.

புது முதலாளி தொழில்நுட்பப் பொறுப்பை ஒப்படைத்தது அந்தோனியோ ஃபெஸ்ஸியாவிடம். பேராசிரியர், பிடிவாதக்காரர். ஒரு காரின் சக்தி முன்சக்கரங்களுக்குத்தான் போக வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. 1947-லேயே வேறொரு கம்பெனிக்காக அப்படி ஒரு மாதிரிக் காரைச் செய்தவர். அது விற்பனைக்கு வரவில்லை. லான்சியாவில் அந்த ஆசை நிறைவேறியது: 1960-இல் ஃப்ளாவியா, 1963-இல் அதைவிடச் சிறிய ஃபுல்வியா. இரண்டும் பழைய ரோமானியச் சாலைகளின் பெயர்கள், லான்சியாவின் வழக்கப்படி.

முதலில் வந்த ஃபுல்வியா நாலு கதவு வைத்த, பெட்டி மாதிரியான குடும்பக் கார். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1965-இல் வந்த கூப்பேதான் விஷயம். அதன் வீல்பேஸை, அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை, 15 செ.மீ. குறைத்து, பியேரோ கஸ்தாக்னெரோ வடிவமைத்தார். வெளியிலிருந்து பெரிய ஸ்டூடியோ எதையும் கூப்பிடவில்லை. இவர் கம்பெனியின் சொந்த ஆள். ரீவா மோட்டார் படகுகளைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். நாலாபுறமும் கண்ணாடி, மெல்லிய தூண்கள், சட்டென்று முடியும் பின்பகுதி. உள்ளே உட்கார்ந்தால் சுற்றிலும் எல்லாம் தெரியும். ராலி ஓட்டுபவருக்கு இது அழகைவிடப் பெரிய வசதி. அடுத்த வளைவு எங்கே திரும்புகிறது என்பதைக் கதவுக் கண்ணாடி வழியாகவே பல நேரம் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் கார் அப்போது பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கும்.

பானட்டைத் திறந்தால் ஃபெஸ்ஸியாவின் ஆட்கள் செய்த வேலை தெரியும். இன்ஜின் ஒரு வி4. சாதாரண வி இன்ஜினில் இரண்டு வரிசை சிலிண்டர்களும் 60 அல்லது 90 டிகிரி விலகி நிற்கும். ஒவ்வொரு வரிசைக்கும் மேலே மூடியாகத் தனித்தனி ஹெட். இதில் விலகல் 13 டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. பஸ்ஸில் இருவர் சீட்டில் மூவர் தோளை முன்னும் பின்னும் ஒதுக்கிக்கொண்டு உட்கார்வார்களே, அப்படி நாலு சிலிண்டரும் ஒன்றின் இடுக்கில் ஒன்று நுழைந்து நிற்கின்றன. அதனால் நாலுக்கும் சேர்த்து ஒரே ஹெட் போதும். அதன் மேல் வால்வுகளைத் திறக்கும் சுழல்தண்டுகள், இரண்டு கேம்ஷாஃப்ட்: ஒன்று உள்ளே இழுக்கும் வால்வுகளுக்கெல்லாம், மற்றது வெளியே தள்ளும் வால்வுகளுக்கெல்லாம். இன்ஜினின் நீளம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அந்தக் குட்டி இன்ஜினையும் நேராக வைக்காமல் 45 டிகிரி சாய்த்து, முன் அச்சுக்கும் முன்னால் தொங்கவிட்டார்கள். பானட் தாழ்ந்தது. எடையெல்லாம் முன்சக்கரங்களின் மேல் போய் உட்கார்ந்தது. 1991-இல் ஃபோக்ஸ்வாகன் விஆர்6 என்று ஓர் இன்ஜினைக் கொண்டுவந்தபோது இதே யோசனையைத்தான் ஆறு சிலிண்டரில் செய்தது.

நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், அதுவும் 1965-இல், 1216 சிசி இன்ஜின் வைத்த காருக்கு. இன்ஜின், கியர்பாக்ஸ், முன்சக்கர அமைப்பு எல்லாம் சப்ஃப்ரேம் என்ற ஒரு தனிச் சட்டத்தில் மாட்டி, அதைக் காரின் உடலோடு போல்ட் போட்டு இணைத்திருந்தார்கள். இதையெல்லாம் செய்ய எத்தனை மணி நேர உழைப்பு வேண்டும் என்பதை ஃபியட்டின் கணக்கர்கள் பின்னால் வந்து பார்த்துத் தலையில் கை வைத்திருப்பார்கள். முதல் கூப்பேவின் சக்தி 80 குதிரைத்திறன்தான்.

இந்தக் கார் ராலிக்குப் போனதற்குக் காரணம் கம்பெனி முதலாளி அல்ல. பெசென்டிக்கு ரேஸ் என்றாலே கசப்பு. முந்தைய முதலாளியை அதுதான் தெருவுக்குக் கொண்டுவந்தது. இந்தக் கதவைத் திறந்தவர் இருபதுகளில் இருந்த ஓர் இளைஞர், சேசரே ஃபியோரியோ. அவருடைய அப்பா சாண்ட்ரோ, லான்சியாவின் மக்கள் தொடர்பு அதிகாரி. மகன் தானும் லான்சியா ஓட்டிப் பந்தயங்களில் கலந்துகொண்டவர். 1963 பிப்ரவரியில் எச்எஃப் ஸ்குவாத்ரா கோர்சே என்ற அணியை அவர் நண்பர்களோடு தொடங்கினார். எச்எஃப் என்றால் ஹை ஃபிடெலிட்டி. லான்சியாவையே விடாமல் வாங்கும் வாடிக்கையாளர்களுக்கென்று ஏற்கெனவே இருந்த சங்கத்தின் பெயர் அது. சின்னம் ஓடுகிற சிவப்பு யானைகள். கம்பெனி நேரடியாகச் செலவு செய்யத் தயங்கியதால் ஏதோ ரசிகர் மன்றம் நடத்துவதுபோல ஆரம்பித்து, 1965-இல் அதையே லான்சியாவின் அதிகாரபூர்வ அணியாக்கிவிட்டார் ஃபியோரியோ. பின்னாளில் ஃபெராரியின் ஃபார்முலா ஒன் அணியை நிர்வகித்தவரும் இவரேதான்.

ராலி ஏன், சர்க்யூட் ரேஸ் ஏன் இல்லை? கையில் காசு குறைவு என்பது ஒரு பக்கம். சர்க்யூட்டில் 1300 சிசி காரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பது இன்னொரு பக்கம். அங்கே குதிரைத்திறன் பேசும். ராலியில் வேறு கணக்கு.

அந்தக் காலத்து ராலி என்பது இரண்டு மூன்று நாள், சில சமயம் அதற்கும் மேல், இரவும் பகலும் பொதுச் சாலையில் போவது. நடுநடுவே அடைத்து வைத்த ஸ்டேஜ்கள். அங்கே மட்டும் நிமிடமும் நொடியும் கணக்கு. மழை, சேறு, சரளைக் கல், பனி, ஐஸ் எது வேண்டுமானாலும் வரும். இங்கே இன்ஜின் உருவாக்கும் சக்தியில் எவ்வளவு தரையைச் சென்றடைகிறது என்பதே கேள்வி. சக்கரம் வழுக்கினால் 200 குதிரைத்திறனும் ஒன்றுதான், 100-ம் ஒன்றுதான். சக்தி போகும் சக்கரத்தின் மேல் எடை அழுத்த வேண்டும்.

இதற்கு மான்டி கார்லோ ராலியின் பட்டியலே சாட்சி. 1962, 63-இல் எரிக் கார்ல்சனின் சாப். 1964, 65, 67-இல் மினி கூப்பர். 1966-இல் சிட்ரோயன் டிஎஸ். அந்த ஆண்டு முன்னால் வந்த மினிகளை ஹெட்லைட் பல்பு விதிமீறல் என்று நீக்கிப் பெரிய ரகளையானது தனிக்கதை. இவை எல்லாமே முன்சக்கர இயக்கம். 1968 முதல் 70 வரை போர்ஷே 911, 71-இல் ஆல்பைன்-ரெனோ. இவற்றில் இன்ஜினும் பின்னால், இயக்கமும் பின்னால். முன்னால் இன்ஜினை வைத்துப் பின்சக்கரத்தை ஓட்டும் வழக்கமான கார் ஒன்றுகூட இந்தப் பத்தாண்டில் அங்கே ஜெயிக்கவில்லை. இன்ஜின் எந்தச் சக்கரத்தின் மேல் இருக்கிறதோ அந்தச் சக்கரமே காரை ஓட்ட வேண்டும். பனி மலையில் ஜெயிக்க அதுதான் முதல் நிபந்தனை.

முன்சக்கர இயக்கத்துக்கும் ஒரு வியாதி உண்டு. வேகமாக வளைவுக்குள் போனால் கார் ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்காமல் நேராகவே போகப் பார்க்கும். மூக்கு கனமான ஃபுல்வியாவில் இது கூடுதல். ஸ்காண்டிநேவிய ஓட்டுநர்கள் இதற்கு ஒரு மருந்து வைத்திருந்தார்கள்: இடது கால் பிரேக். வலது கால் ஆக்சிலரேட்டரை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும்போதே இடது காலால் பிரேக்கை மிதிப்பது. முன்சக்கரங்களை இன்ஜின் சுழற்றிக்கொண்டிருப்பதால் அவை பூட்டிக்கொள்ளாது. எடை குறைந்த பின்சக்கரங்கள் மட்டும் பிடிப்பை இழந்து வெளிப்பக்கமாக வழுக்கும். காரின் பின்பகுதி வீசித் திரும்ப, மூக்கு தானாக வளைவுக்குள் நுழையும். வாசிக்கச் சுலபம். இருட்டில், ஐஸில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும்போது கிளட்ச் காலை இப்படிப் பயன்படுத்த ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். ஃபியோரியோ தன் இத்தாலியர்களோடு நில்லாமல் ஓவே ஆண்டர்சன், கெல்ஸ்ட்ரோம், பௌலி தொய்வோனென், சீமோ லாம்பினென் என்று ஸ்வீடன், ஃபின்லாந்து ஆட்களைத் தேடிப் பிடித்ததன் ரகசியம் இது. கார்ல்சனின் மனைவியும் பெயர்பெற்ற ராலி ஓட்டுநருமான பாட் மாஸ் கூட இந்த அணியில் ஓட்டியிருக்கிறார்.

1966-இல் ஃபுல்வியாவுக்கு எச்எஃப் பதிப்பு வந்தது. பானட், கதவுகள், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம். பக்கவாட்டிலும் பின்னாலும் கண்ணாடிக்குப் பதில் பிளெக்ஸிகிளாஸ். பம்பர் கிடையாது. எடை 825 கிலோ. அடுத்து இன்ஜின் 1298 சிசி ஆனது. வெற்றிகள் வரத் தொடங்கின. 1966-இல் லியோ செல்லா சான்ரெமோ ராலியை வென்றார்; அப்போது அதற்கு ரல்லியே தெய் ஃபியோரி, பூக்களின் ராலி என்று பெயர். 1967 மான்டி கார்லோவில் ஆண்டர்சன் ஃபுல்வியாவில் இரண்டாமிடம். முதலில் வந்த ரவுனோ ஆல்டோனெனின் மினிக்கும் இவருக்கும் வித்தியாசம் 13 நொடி. நாள்கணக்கில் ஓடிய போட்டியில் 13 நொடி! அந்த ஆண்டின் இறுதியில் கார்சிகா தீவின் டூர் தெ கோர்ஸை சாண்ட்ரோ முனாரி வென்றார். வளைந்து வளைந்தே செல்லும் தார்ச்சாலைப் போட்டி அது. பனி இல்லாத இடத்திலும் இந்தக் கார் ஜெயிக்கும் என்பது அங்கே தெரிந்தது.

முனாரி வெனிஸுக்குத் தெற்கே கவார்செரே என்ற ஊர்க்காரர். பிறந்தது 1940. கார்சிகாவில் அவருக்கு வழி சொன்ன நேவிகேட்டர் லூச்சானோ லொம்பார்தினி. சில வாரங்களில், 1968 ஜனவரியில், இருவரும் மான்டி கார்லோ ராலிக்காக ஏதென்ஸிலிருந்து புறப்பட்டார்கள். ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து தனித்தனியாகக் கிளம்பி மொனாகோவில் கூடுவது அப்போதைய வழக்கம். நேரக்கணக்கில் பந்தயம் சூடாகும் முன்பே, யுகோஸ்லாவியாவில் ஸ்கோப்யே அருகே நடந்த விபத்தில் லொம்பார்தினி இறந்தார். முனாரி பலத்த காயத்தோடு பிழைத்தார். அடுத்த மாதம் லியோ செல்லாவும் போய்விட்டார், ஆல்ஃபா ரோமியோவின் ரேஸ் கார் ஒன்றைச் சோதித்துப் பார்க்கையில். அந்த ஆண்டு சான்ரெமோவை ஜெயித்தவர் பௌலி தொய்வோனென், ஆனால் போர்ஷேயில். அடுத்த ஆண்டு, 1969-இல், கெல்ஸ்ட்ரோம் அதை ஃபுல்வியாவுக்காக மறுபடியும் ஜெயித்துக் கொடுத்தார்.

1.3 லிட்டரில் இனி இழுக்க முடியாது என்று ஆனபோது லான்சியா செய்ததைப் பாருங்கள். வேறு கம்பெனியாக இருந்தால் இருக்கிற இன்ஜினையே கொஞ்சம் கடைந்து பெரிதாக்கியிருக்கும். இவர்கள் சிலிண்டர்களின் விலகலையே 11 டிகிரி சொச்சமாகக் குறைத்து, புதிய பிளாக் வார்த்து, 1584 சிசி இன்ஜினைச் செய்தார்கள். 115 குதிரைத்திறன். கூடவே ஐந்து கியர். சில ஆயிரம் கார்கள்கூட விற்காது என்று தெரிந்த மாடலுக்கு இந்தப் பாடு. 1969-இல் வந்த இந்த 1.6 எச்எஃப்-இன் முகத்தில் உள்பக்க விளக்குகள் இரண்டும் வழக்கத்தைவிடப் பெரியவை. இரவு ஸ்டேஜ்களுக்காக வைத்தது. இத்தாலியர்கள் ஃபனலோனே, பெரிய விளக்குக்காரன், என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் வரிசையில் செய்தது 1250-க்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கார்தான் கெல்ஸ்ட்ரோமை 1969-லும் 1970-லும் அடுத்தடுத்து ஆர்ஏசி ராலியில் ஜெயிக்க வைத்தது. இரண்டு முறையும் நேவிகேட்டர் குன்னர் ஹேக்போம். ஆர்ஏசி என்பது பிரிட்டனின் காடுகளுக்குள் மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்ட மண்பாதைகளில் நடப்பது. மற்ற ராலிகளில் முன்கூட்டியே பாதையைப் போய்ப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் குறித்து வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். இங்கே பாதை ரகசியம். கண்ணால் பார்க்கிற மாத்திரத்தில் முடிவெடுக்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில், ஓட்டுநர் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் மன்னித்து இழுத்துக்கொண்டு போகிற கார் பெரிய வரம். அந்த இரண்டு வெற்றிகளில் சரிபாதி ஃபெஸ்ஸியாவுக்குச் சேரும் என்பேன். அவற்றைப் பார்க்க அவர் இல்லை, 1968-லேயே காலமாகிவிட்டார்.

எல்லாம் சரியாகவே நடந்தது என்றும் இல்லை. 1969 போர்ச்சுகல் ராலியில் டோனி ஃபால் ஃபுல்வியாவை முதலாவதாகக் கொண்டுவந்து சேர்த்தார். பந்தயம் முடியும் இடத்துக்கு வரும்போது போட்டிக்குப் பதிவு செய்யாத ஒருவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்ததால் அவரை நீக்கிவிட்டார்கள். நாள்கணக்கில் பட்ட பாடு கடைசி நிமிடத்துச் சந்தோஷத்தில் போனது.

இனி 1972. ஃபியட் கைக்கு வந்து இரண்டு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. ஃபுல்வியாவுக்கு ராலியில் ஏழாவது ஆண்டு. அந்த உலகத்தில் அது கிழவயது. எதிரே போன ஆண்டின் வெற்றியாளர் ஆல்பைன் ஏ110. ஃபைபர் உடல், இறகு போன்ற எடை, பின்னால் இன்ஜின். போர்ஷேயும் ஜெரார் லருஸ் கையில் தயாராக இருந்தது. பத்திரிகைகள் ஆல்பைனைத்தான் கொண்டாடின. ஃபுல்வியாவின் 1.6 இன்ஜினை அணியின் மெக்கானிக்குகள் 160 குதிரைத்திறன் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதற்கு மேல் அதில் ஒன்றும் மிச்சமில்லை.

அந்த ஜனவரியில் பனி கொட்டியது. உலர்ந்த சாலையில் ஆல்பைனைப் பிடிக்கவே முடியாது. பனி ஆழமாகக் கிடந்தால் ஃபுல்வியாவுக்கு நம்பிக்கை உண்டு. முனாரி, 14-ஆம் எண் சிவப்புக் கார், கருப்பு அடித்த பானட். பக்கத்தில் நேவிகேட்டர் மாரியோ மன்னூச்சி. அவர்கள் முன்னணிக்காரர்களை விட்டு விலகாமல் தொடர்ந்தார்கள். கடைசி இரவு, மொனாகோவுக்குப் பின்னாலுள்ள மலைகளில், தூரினி கணவாயை மறுபடி மறுபடி ஏறி இறங்கும் இரவு. ஹெட்லைட் வெளிச்சம் மரங்களை வெட்டிக்கொண்டு போகும் அந்த இரவைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் குளிரில் நிற்கும். அங்கே ஆல்பைன்களின் கியர்பாக்ஸ்கள் காலை வாரின. ஒன்றன்பின் ஒன்றாக அவை விழ, ஃபுல்வியா தன் வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. காலையில் முனாரி முதல், லருஸின் போர்ஷே இரண்டாவது, டாட்சன் 240இசட் ஓட்டிய ஆல்டோனென் மூன்றாவது. ஆல்டோனெனின் நேவிகேட்டராக வந்தவர் ஜான் டோட். பிற்காலத்தில் ஃபெராரியை ஆண்ட அதே டோட். நாலாவது லாம்பினென், இன்னொரு ஃபுல்வியாவில்.

எதிராளி விழுந்ததால் கிடைத்த வெற்றி என்று இதைக் குறைத்துச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்க மாட்டேன். ராலியில் கியர்பாக்ஸ் உடையாமல் வந்து சேர்வதும் வேகத்தின் ஒரு பகுதிதான். ஏழு ஆண்டுகளாக ஒரே காரை அடித்து, உடைத்து, திருத்தி, எந்த போல்ட் எந்த மலையில் தளரும் என்பது வரை அந்த மெக்கானிக்குகளுக்குத் தெரிந்திருந்தது. அதிகச் செலவில் தேவைக்கு மேல் உறுதியாகச் செய்த இன்ஜினும் கியர்பாக்ஸும் தங்கள் கூலியை அன்று வாங்கிக்கொண்டன.

இத்தாலியில் அந்த வெற்றி ராலி ரசிகர்களைத் தாண்டிப் போனது. ராலி என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளில் முனாரியின் பெயர் புழங்கத் தொடங்கியது. லான்சியாவும் சூட்டோடு சூடாக, கருப்பு பானட் வைத்த மான்டி கார்லோ பதிப்பு ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தது. மொரோக்கோவை லாம்பினெனும் சான்ரெமோவை அமில்காரே பல்லெஸ்திரேரியும் ஜெயிக்க, 1972-இன் தயாரிப்பாளர்களுக்கான சர்வதேச சாம்பியன் பட்டம் லான்சியாவுக்கு. அடுத்த ஆண்டு இதே போட்டிதான் உலக ராலி சாம்பியன்ஷிப் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1973-இல் ஆல்பைன் பழிவாங்கியது. மான்டி கார்லோவில் முதல் மூன்று இடமும் அவர்களுக்கே. ஆனாலும் முனாரி அந்த ஆண்டு ஃபுல்வியாவிலேயே ஐரோப்பிய சாம்பியன் ஆனார்.

அப்போதே ஃபியோரியோவின் மனசு வேறிடத்தில் இருந்தது. 1970 டுரின் கண்காட்சியில் பெர்டோனே ஸ்டூடியோ, ஸ்ட்ராட்டோஸ் ஸீரோ என்ற காரை வைத்திருந்தது. மார்செல்லோ காந்தினி வரைந்தது. உயரம் 84 செ.மீ. மட்டுமே, முன்கண்ணாடியைத் தூக்கித்தான் உள்ளே ஏற வேண்டும். அதன் வயிற்றுக்குள் இருந்தது ஃபுல்வியா 1.6 எச்எஃப்-இன் இன்ஜின். லான்சியா அதிகாரிகள் கூப்பிட்டபோது நூச்சியோ பெர்டோனே அதைத் தானே ஓட்டிப் போய், கம்பெனி வாசலில் மூடியிருந்த தடுப்புக் கம்பிக்கு அடியிலேயே நுழைந்தாராம். அந்தச் சந்திப்பிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்ட்ராட்டோஸ் எச்எஃப்: நடுவில் ஃபெராரி டீனோவின் 2.4 லிட்டர் வி6, குட்டையான வீல்பேஸ்.

இரண்டு காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ராலியே எப்படி மாறியது என்பது புரியும். ஃபுல்வியா கடையில் விற்ற கார். அதை ராலிக்குத் தயார் செய்தார்கள். ஸ்ட்ராட்டோஸ் ராலிக்கென்றே பிறந்த கார். விதி கேட்ட எண்ணிக்கைக்காக ஏறக்குறைய 500 செய்து, விற்றார்கள். அதற்குப் பின்னால் வந்த பெரிய ராலி கார்கள் பலவும் ஸ்ட்ராட்டோஸின் வழியில்தான் வந்தன. வேகம் எகிறியது உண்மை. ஆனால் ஓர் ஆசிரியரோ டாக்டரோ ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற அதே கார், கொஞ்சம் மெலிந்து, தூரினியில் ஜெயிப்பதைப் பார்க்கும் சுகம் அதோடு போயிற்று. எனக்கு இதில் வருத்தம்தான். ஸ்ட்ராட்டோஸை ரசிப்பவர்கள் சண்டைக்கு வரலாம்.

ஸ்ட்ராட்டோஸுக்குப் போட்டி அனுமதி கிடைத்தது 1974 அக்டோபரில். அதுவரை சுமந்தது கிழட்டு ஃபுல்வியாவே. அந்த ஆண்டு கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலியில், சேறும் புழுதியுமாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், முனாரி ஃபுல்வியாவை மூன்றாமிடத்துக்குக் கொண்டுவந்தார். முதலில் வந்தவர் கென்யாவின் ஜோகிந்தர் சிங், மிட்சுபிஷி கோல்ட் லான்சரில். இரண்டாவது போர்ஷேயில் பியோர்ன் வால்டேகோர். அங்கே சேர்த்த புள்ளிகளும் அந்த ஆண்டு லான்சியா எடுத்த உலகப் பட்டத்தில் சேர்ந்தன. லான்சியா மொத்தம் வென்ற பத்து உலகப் பட்டங்களில் அது முதலாவது.

ஃபுல்வியா கூப்பே 1976 வரை தயாரிப்பில் இருந்தது. எல்லா வகையும் சேர்த்து சுமார் 1,40,000. அவற்றில் பெரும்பாலானவை 1.3 லிட்டர். 2003-இல் ஃபிராங்பர்ட் கண்காட்சியில் அதே முகஜாடையோடு ஒரு புது ஃபுல்வியாவை லான்சியா காட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள், தயாரிப்புக்கு வரவில்லை.

பழைய காருக்கு இன்று ஐரோப்பாவில் நல்ல மவுசு. 1.3 கூப்பே நடுத்தர வருமானக்காரருக்கு எட்டக்கூடியது. உண்மையான ஃபனலோனே பல மடங்கு விலை. அதனால் 1.3-க்குப் பெரிய விளக்கு மாட்டி, பம்பரைக் கழற்றி, யானை ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பவர்களும் நிறைய. விவரம் தெரிந்தவர்கள் விளக்கைப் பார்த்து ஏமாற மாட்டார்கள். சேஸிஸ் எண்ணைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். அப்புறம் காருக்கு அடியில் குனிந்து, முன் சப்ஃப்ரேம் உடலோடு சேரும் இடங்களில் துரு பிடித்திருக்கிறதா என்று தேடுவார்கள். அங்கே துரு இருந்தால் இன்ஜின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் பேரம் அதோடு முடிந்தது.